தென்துருவத்துக்கு ஸ்கீ நடை, நன்கொடைக்காக: பைத்தியமா, சாத்தியமா?

லீட்ஸ்காரி · செப்டம்பர் 14, இரவு 11:20

வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். முதல் தடவையாக இழை தொடங்குகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

வயது 43. ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. போன வருடம் அப்பாவின் கடைசி ஆறு வாரம் இங்குள்ள ஒரு ஹாஸ்பிஸில், அதாவது இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லத்தில், கழிந்தது. எங்களிடம் ஒரு பென்ஸ் வாங்கவில்லை. அம்மா கொண்டுபோகும் கஞ்சியை இரவு இரண்டு மணிக்கு அவர் கேட்டாலும் சூடாக்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஹாஸ்பிஸ்கள் அரசுப் பணத்தில் மட்டும் ஓடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செலவில் பெரும்பங்கு நன்கொடை, உயில் பணம், பழைய துணி விற்கும் கடைகள் என்று வெளியிலிருந்து வருகிறது.

அந்த இல்லத்துக்காகப் பணம் திரட்ட நினைக்கிறேன். மாரத்தான் எல்லோரும் ஓடிவிட்டார்கள். என் மனதில் இருப்பது அண்டார்டிகா: ஹெர்குலிஸ் இன்லெட் என்ற கரையோர இடத்திலிருந்து தென்துருவம் வரை ஸ்கீயில், சுமார் 1,130 கிலோமீட்டர். தனியாக இல்லை, வழிகாட்டியோடு குழுவாக.

இந்த எண்ணத்தை விதைத்தவர் பிரீத் சாண்டி. இங்கிலாந்தின் டெர்பியில் வளர்ந்த பஞ்சாபிப் பெண், பிரிட்டிஷ் ராணுவத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். இதே வழியில் தன்னந்தனியாக நடந்து 2022 ஜனவரி 3 அன்று, 40 நாளில், துருவத்தை அடைந்தார். 2023 நவம்பரில் மறுபடி கிளம்பி 31 நாளில், டிசம்பரில், முடித்தார். அவர் டயர் இழுத்துத்தான் பயிற்சி எடுத்தாராம். நானும் கராஜில் கேட்டுப் பழைய டயர் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். நேற்று பூங்காவில் இழுத்துக்கொண்டு போனபோது ஒரு பாட்டி, "மீதிக் கார் எங்கே அம்மா?" என்று கேட்டார்.

பணம், பயிற்சி, உடம்பு மூன்றிலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்கீ இதுவரை ஒரு தடவைதான் போட்டிருக்கிறேன்.

சந்தேகசாமி · செப்டம்பர் 15, காலை 7:02

சிரிக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும். பயணச் செலவு அறுபதாயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திரட்டப்போவது இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபதை நேரே ஹாஸ்பிஸுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்காரலாமே?

மேகலை_டொரண்டோ · செப்டம்பர் 15, காலை 7:40

சாமி வந்துவிட்டார், இழை களைகட்டும். தங்கச்சி, டயர் இழுக்கிற படம் ஒன்று போடுங்கள்.

ஹாரோ கணக்கர் · செப்டம்பர் 15, மதியம் 1:15

சாமி கேட்டது முரட்டுத்தனமாக இருந்தாலும் அதுதான் முதல் கேள்வி. கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பயணப் பை, மற்றது ஹாஸ்பிஸ் பை. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு பென்ஸ்கூடப் போகக்கூடாது. பயணச் செலவை உங்கள் சேமிப்பிலிருந்தோ விளம்பரத்துக்காகப் பணம் போடும் நிறுவனங்களிடமிருந்தோ எடுங்கள். பொதுமக்கள் கொடுப்பது நேரே ஹாஸ்பிஸின் கணக்குக்குப் போகட்டும், உங்கள் வங்கிக் கணக்கைத் தொடவே கூடாது. உங்கள் இணைய நன்கொடைப் பக்கத்தின் முதல் வரியிலேயே "இங்கே வரும் பணத்தில் என் பயணத்துக்கு எதுவும் எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இது நியாயம் மட்டுமில்லை, வரி விஷயமும்கூட. இங்கே கிஃப்ட் எய்ட் என்று ஒன்று இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் 100 பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் இன்னும் 25 பவுண்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திரட்டிய பணத்திலிருந்தே உங்கள் பயணத்துக்கும் செலவு போகிறது என்றால், அது நீங்கள் பெறும் ஆதாயம். அப்போது உங்கள் கணவர், தாய், சகோதரர் போன்ற நெருங்கிய உறவுகள் கொடுக்கும் பணத்துக்கு அந்த 25 கிடைப்பது சிக்கல். நம் ஆட்களில் முதல் ஐம்பது நன்கொடையும் சொந்தக்காரர்களிடமிருந்துதானே வரும்? பயணத்துக்கு நீங்களே முழுதும் கட்டிவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

அப்புறம், பயணம் நின்றுபோனால், பாதியில் திரும்பினால், பணம் என்னாகும் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

சாமிக்குப் பதில்: சொந்தச் சேமிப்பில் சிலர் கார் வாங்குகிறார்கள். அதை யாரும் "ஹாஸ்பிஸுக்குக் கொடு" என்று கேட்பதில்லை. பயணம் அவர் ஆசை, அவர் காசு. அந்த ஆசையைக் காட்டி ஊரைக் கொடுக்க வைக்கிறார். இரண்டு பையும் கலந்தால் மட்டும்தான் உங்கள் கணக்கு செல்லும்.

சந்தேகசாமி · செப்டம்பர் 15, மாலை 6:48

கார் உவமை பரவாயில்லை. ஆனால் கேப்டன் டாம் மூர் ஞாபகமிருக்கிறதா? 2020, ஊரடங்கு. 99 வயதில், நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை நூறு சுற்று நடந்தார். ஆயிரம் பவுண்டு திரட்டத்தான் தொடங்கினார். நூறாவது பிறந்தநாளுக்குள் 3 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. செலவு? செருப்புத் தேய்ந்திருக்கும். துருவம் வரை போனால்தான் மக்கள் பணம் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது?

மேகலை_டொரண்டோ · செப்டம்பர் 15, மாலை 7:05

99 வயது வரை அவர் காத்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

பழங்கதை · செப்டம்பர் 15, இரவு 9:30

துருவமும் உண்டியலும் இன்று நேற்றுச் சேர்ந்தவை இல்லை. 1910இல் ராபர்ட் ஸ்காட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தென்துருவத்துக்குக் கிளம்பியபோது அரசாங்கம் 20,000 பவுண்டுதான் கொடுத்தது. மீதிக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்து நாய், மட்டக்குதிரை, சறுக்குவண்டி, தூக்கப்பை வாங்கிக் கொடுத்தார்கள். எந்தப் பள்ளி எதைக் கொடுத்ததோ அந்தப் பொருளுக்கு அந்தப் பள்ளியின் பெயர். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரிதான்.

ஸ்காட்டும் நான்கு பேரும் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் இறந்துபோனார்கள். தங்கள் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும்படி அவர் எழுதி வைத்த வேண்டுகோள் பத்திரிகைகளில் வந்ததும் லண்டனில் ஒரு நிதி தொடங்கினார்கள். சுமார் 75,000 பவுண்டு சேர்ந்தது. குடும்பங்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதில் 1920இல் கேம்பிரிட்ஜில் ஒரு துருவ ஆய்வு நிறுவனம் எழுந்தது. இன்றும் இருக்கிறது. உயிரோடு கேட்டபோது கையைச் சுருக்கியவர்கள், செத்த பிறகு அள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும்.

நம் காலத்துக்கு வந்தால், பிரிட்டிஷ் பயணிகள் ரனுல்ஃப் ஃபைன்ஸும் டாக்டர் மைக் ஸ்ட்ரௌடும் 1992-93இல் அண்டார்டிகாவை 90 நாளுக்கும் மேல் சறுக்குவண்டி இழுத்துக் கடந்தது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான நன்கொடைக்காக. ஸ்ட்ரௌட் தங்கள் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். சாப்பிட்டது நாளுக்கு ஐயாயிரம் கலோரிக்குக் கொஞ்சம் மேல். சில நாள்களில் எரிந்தது பத்தாயிரத்துக்கும் மேல். இருவருக்கும் 20 கிலோவுக்கு மேல் எடை போய்விட்டது.

ஓஸ்லோ அண்ணா · செப்டம்பர் 16, இரவு 12:55

இங்கே முப்பது வருடக் குளிர் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தென்துருவம் போனதில்லை. கிரீன்லாந்துப் பனித்தகட்டை ஒரு குழுவோடு மேற்கிலிருந்து கிழக்காக, சுமார் 550 கிலோமீட்டர், 27 நாளில் கடந்திருக்கிறேன்.

தங்கச்சி, முதலில் ஒரு மாயையைக் கலைத்துவிடுகிறேன். "ஸ்கீ" என்றதும் சரிவில் சறுக்கிக்கொண்டு போவது கண்ணில் வரும். இது அது இல்லை. ஸ்கீயின் அடியில் வழுக்காமல் இருக்க ரோமத்துணி மாதிரி ஒன்றை ஒட்டி, இடுப்பில் பட்டை கட்டி, பின்னால் வண்டியை இழுத்துக்கொண்டு நடப்பது. புல்க் என்று சொல்கிற அந்த வண்டி, தனியாகப் போகிறவருக்குத் தொடக்கத்தில் 90 கிலோ இருக்கும். வழியில் உணவு இறக்கிக் கொடுக்கும் குழுப் பயணத்தில் கொஞ்சம் குறையும். அதை இழுத்துக்கொண்டு கடல் மட்டத்துக்கு அருகிலிருந்து 2,835 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். கனத்த குளிர்காற்று மேட்டுநிலத்திலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். நீ போவது மேட்டை நோக்கி. ஆகவே பெரும்பாலும் எதிர்க்காற்று, முழு வழியும்.

தரையும் சமமாக இருக்காது. காற்று பனியைச் செதுக்கி அலை அலையாக, முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பு உயரம் நிறுத்தி வைத்திருக்கும். சாஸ்த்ருகி என்பார்கள். நீ ஒன்றின்மேல் ஏறும்போது வண்டி முந்தைய பள்ளத்தில் மாட்டி உன்னைப் பின்னால் இழுக்கும். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகும் நாளில் அந்த அலை கண்ணுக்கே தெரியாது. நெஞ்சில் மாட்டிய திசைகாட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே விழுந்து எழுந்து போக வேண்டும். வெயில் இருந்தால் வேறு கதை. அங்கே நடுப்பகலில் சூரியன் சரியாக வடக்கே நிற்கும், உன் நிழல் தெற்கே விழும். நிழலை மிதித்துக்கொண்டே நடந்தால் துருவம். போய் வந்த நண்பன் சொன்னதிலே எனக்குப் பிடித்தது இதுதான்.

நாள் எப்படிப் போகும்? காலையில் இரண்டு மணி நேரம் அடுப்பு பற்றவைத்துப் பனி உருக்குவது. ஒரு மணி நேரம் நடை, பத்து நிமிடம் நிற்பது, மறுபடி நடை. எட்டு ஒன்பது மணி நேரம் இப்படி. நின்ற உடனே தடித்த மேல்கோட்டைப் போடு, சாப்பிடு, குடி, கழற்று, நட. மாலையில் கூடாரம், மறுபடி பனி உருக்கு. கூடாரத்தைக் கட்டும்போது அதை வண்டியோடு இணைத்துவிட்டுத்தான் உறையிலிருந்து எடுக்க வேண்டும். காற்றில் அது பறந்தால் அன்றோடு கதை முடிந்தது. தினமும் குறித்த நேரத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் முகாமுக்குப் பேச வேண்டும். பேச்சு வராவிட்டால் தேடத் தொடங்குவார்கள்.

சாமி அறுபதாயிரம் என்று கணக்குப் போட்டார். செலவு ஏன் அவ்வளவு என்று சொல்கிறேன். சிலியின் புன்டா அரினாஸிலிருந்து அண்டார்டிகாவின் யூனியன் கிளேசியர் முகாமுக்கு நாலரை மணி நேர விமானம், நீலப் பனிக்கட்டிமேல் இறங்கும். அங்கிருந்து ஸ்கீ பொருத்திய சிறு விமானம் தொடக்க இடத்துக்கு. முடிந்ததும் துருவத்திலிருந்து கூட்டிவர இன்னொன்று. அந்த விமானங்களுக்கு எரிபொருளையும் விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். வழிகாட்டியோடு முழு வழியும் என்றால் ஐம்பதாயிரம் பவுண்டுக்குக் கீழே நினைக்காதே. காப்பீடும் உடுப்பும் தனி.

ஒரு தடவை ஸ்கீ போட்டவள் நேரே அங்கே போகக்கூடாது, நல்ல வழிகாட்டிகள் சேர்க்கவும் மாட்டார்கள். முதலில் நார்வேயில் ஃபின்ஸ. பெர்கன் ரயில் பாதையின் மிக உயர்ந்த நிலையம், 1,222 மீட்டர். சாலை கிடையாது, ரயிலில்தான் வர வேண்டும். அந்தக்கால அண்டார்டிகா பயணி ஷாக்கிள்டன் 1914இல் கிளம்புமுன் தன் சாமான்களைச் சோதித்துப் பார்த்த இடம். சுற்றியிருக்கும் ஹார்டாங்கர் மேட்டை லேசாக நினைக்காதே. 1896இல் அமுண்ட்சென், தென்துருவத்துக்கு முதலில் போன அதே அமுண்ட்சென், அண்ணனோடு குளிர்காலத்தில் அதைக் கடக்கப் போய் வழிதவறினார். பனியில் குழி தோண்டிப் படுத்தவரை இரவோடு இரவாகப் பனி மூடி உறைந்து, அசைய முடியாமல் போய், அண்ணன்தான் தோண்டி எடுத்தார். துருவத்தை வென்றவனையே புதைத்த இடம் இங்கிருந்து ரயிலில் சில மணி நேரம்தான்.

ஃபின்ஸக்குப் பிறகு கிரீன்லாந்து. பிரீத் சாண்டியும் அதைச் செய்துவிட்டுத்தான் தெற்கே போனார். அதற்குப் பிறகு பேசுவோம்.

லீட்ஸ்காரி · செப்டம்பர் 16, காலை 6:10

அண்ணா, இரவுப் பணி முடிந்து பேருந்தில் இருந்தபடி இரண்டு தடவை படித்தேன். பயமாக இருக்கிறது. இரண்டாவது தடவை கொஞ்சம் குறைவு.

கணக்கர் சார், இரண்டு பை விஷயம் எனக்கு உறைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், "பாதி எனக்கு, பாதி இல்லத்துக்கு" என்று ஒரு பக்கம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

நெல்லை_ராசு · செப்டம்பர் 16, காலை 9:22

தெரியாமல் கேட்கிறேன், வடதுருவம் பக்கம்தானே? செலவு குறையாதா?

ஓஸ்லோ அண்ணா · செப்டம்பர் 16, மாலை 5:40

ராசு, தெற்கே இருப்பது தரை, அதன்மேல் பனி. வடக்கே தரையே இல்லை, கடல்மேல் மிதக்கும் பனிதான். நீ வடக்கே பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டுத் தூங்கினால், பனி உன்னைத் தூக்கிக்கொண்டு தெற்கே போயிருக்கும். கரையிலிருந்து முழு வழியும் நடந்து போவது 2014க்குப் பிறகு கிட்டத்தட்ட நின்றேபோனது. துருவத்துக்கு முந்தைய கடைசி ஒரு பாகை, சுமார் 111 கிலோமீட்டர், மட்டும் நடக்க வருபவர்களுக்காக ரஷ்யர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் பர்னியோ என்று ஒரு மிதக்கும் முகாம் போடுவார்கள். 2018க்குப் பிறகு அதுவும் வரிசையாகப் பல வருடம் நடக்கவில்லை. துருவக்கரடியும் உண்டு.

மருந்துச்சீட்டு · செப்டம்பர் 17, இரவு 10:12

மருத்துவர் என்ற முறையில் சில வார்த்தை. பனிக்கடி விரலுக்கும் மூக்குக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது தொடை. எதிர்க்காற்றில் இறுக்கமான கால்சட்டையோடு மணிக்கணக்காக நடப்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கம் மரத்து, சிவந்து, பிறகு புண்ணாகும். பெண்களிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. முழங்கால் வரை பஞ்சு வைத்துத் தைத்த பாவாடை ஒன்றை மேலே கட்டிக்கொள்வது நல்லது. பாவாடை என்று சிரிக்காதீர்கள், ஆண்களும் கட்டுகிறார்கள்.

குளிரில் முதல் எதிரி வியர்வை. வியர்த்தால் நின்ற உடனே அது பனியாகும். "கொஞ்சம் குளிர்கிறது" என்ற நிலையிலேயே நடக்கப் பழக வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு எரியும்போது மேலே காற்று போக வழி இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு மணக்காது. கிளம்புமுன் பல் டாக்டரிடம் போய்ப் பழைய அடைப்புகளை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹென்றி வொர்ஸ்லி, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. காயம்பட்ட வீரர்களுக்கான நிதிக்காக 2015 நவம்பரில் அண்டார்டிகாவைத் தனியாகக் கடக்கக் கிளம்பினார். 71 நாள், 900 மைலுக்கும் மேல். முடிவுக்கு 30 மைல் இருக்கையில் நடக்க முடியாமல் உதவி கேட்டார். விமானத்தில் புன்டா அரினாஸ் கொண்டுவந்தார்கள். வயிற்றுறையில் பாக்டீரியா தொற்று. 2016 ஜனவரி 24 அன்று காலமானார். மூன்று துருவப் பயணம் செய்த மனிதர், அனுபவம் இல்லாதவர் இல்லை. களைப்பும் நோயும் அங்கே ஒரே மாதிரி இருக்கும். "நன்கொடை கொடுத்தவர்கள் பார்க்கிறார்களே" என்ற எண்ணம் வலியை மறைக்க வைக்கும். அவருக்கு அப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு இருக்கக்கூடாது என்கிறேன்.

சந்தேகசாமி · செப்டம்பர் 17, இரவு 11:01

நான் கேட்க நினைத்ததும் அதுதான், இவ்வளவு பக்குவமாக எனக்கு எழுத வராது. பாதியில் திரும்பினால் கொடுத்தவன் திட்டுவானே என்ற பயம் ஆளைக் கொல்லும்.

பழங்கதை · செப்டம்பர் 18, காலை 8:35

திட்டமாட்டார்கள் சாமி. 2013இல் காயம்பட்ட வீரர்கள் மூன்று அணியாகத் துருவத்துக்குப் போட்டி நடை போனார்கள், பிரிட்டிஷ் அணியில் இளவரசர் ஹாரி. தரை மோசம், ஆட்கள் களைத்துவிட்டார்கள் என்று நடுவழியில் போட்டியையே கைவிட்டு, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நடந்து டிசம்பர் 13 அன்று துருவம் சேர்ந்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று இன்று யார் கேட்கிறார்கள்? வொர்ஸ்லியின் நண்பர் பென் சாண்டர்ஸ் 2017இல் அதே குறுக்குப் பயணத்துக்குப் போனவர், துருவத்தில் நின்று மீதிச் சாப்பாட்டை எண்ணிப் பார்த்தார். மிச்ச வழிக்குப் போதாது என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி விமானம் ஏறினார். அவரை இதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

லீட்ஸ்காரி · செப்டம்பர் 18, இரவு 8:50

டாக்டர், நன்றி. பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: "நான் எங்கே நின்றாலும் உங்கள் பணம் இல்லத்துக்குப் போய்விட்டது." போய்ச் சேர்ந்த பிறகுதான் கொடுப்பேன் என்று யாரும் சொல்லும்படி வைக்கவில்லை.

வேறு கேள்வி. நாளுக்கு ஐயாயிரம் கலோரிக்கு நம் சாப்பாடு எடுபடுமா? வெள்ளைக்காரர்கள் வெண்ணெய், சலாமி, சாக்லேட் என்கிறார்கள். நான் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், நெய், முந்திரி என்று யோசிக்கிறேன்.

மேகலை_டொரண்டோ · செப்டம்பர் 18, இரவு 9:04

இடியப்பப் பார்சல்?

ஓஸ்லோ அண்ணா · செப்டம்பர் 18, இரவு 11:30

நெய் அருமை. எடைக்கு அதைவிடச் சக்தி தருவது கிடையாது. உறைந்தால் கத்தியால் வெட்டிக் கஞ்சியில் போடலாம். முந்திரியும் சரி. நான் வறுத்த அரிசிமா, பால்மா, சீனி, நெய் கலந்து பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோனேன், சுடுதண்ணி ஊற்றினால் போதும். கூட வந்த நார்வேக்காரர்கள் இரண்டாம் வாரம் அவர்கள் ஓட்ஸைக் கொடுத்து என்னுடையதைக் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் வியாபாரமே நடந்தது. ஆனால் ஈரம் உள்ள எதையும் எடுக்காதே. தண்ணீரின் எடையை இழுப்பது வீண், தண்ணீர் காலடியிலேயே கிடக்கிறது.

கடலை மிட்டாயைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். ஃபின்ஸயில் நீயே தெரிந்துகொள்.

வேலங்காடு · செப்டம்பர் 20, காலை 10:17

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கல் போடுகிறேன். பனி உருகுகிற காலத்தில் விமானம் மேல் விமானம் ஏறி அங்கே போய்க் குப்பை போட வேண்டுமா?

ஓஸ்லோ அண்ணா · செப்டம்பர் 20, மாலை 4:26

விமானப் புகை பற்றி என்னிடம் நல்ல பதில் இல்லை. குப்பை பற்றி இருக்கிறது. 1998இல் அமலுக்கு வந்த சுற்றுச்சூழல் ஒப்பந்த விதிப்படி கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இங்கிலாந்திலிருந்து போகும் பயணத்துக்கு அவர்கள் வெளியுறவுத் துறையின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டப்படி குற்றம். கடைசி ஒரு பாகையில், அதாவது துருவத்துக்கு முந்தைய 111 கிலோமீட்டரில், மலத்தையும் பையில் கட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். சில நாள் உன்னுடையதை நீயே இழுத்துப் பார், ஆணவம் எல்லாம் போய்விடும்.

லீட்ஸ்காரி · மார்ச் 9, இரவு 10:40

இழையைத் தூசி தட்டுகிறேன். ஃபின்ஸயிலிருந்து நேற்றுத் திரும்பினேன். எட்டு நாள், ஆறு பேர், ஒரு வழிகாட்டி.

முதல் நாள் கையுறையை இரண்டு நிமிடம் கழற்றிப் பனிமேல் வைத்தேன். காற்று அதைத் தூக்கியது. ஓடினேன், இடுப்பில் வண்டி கட்டியிருப்பதை மறந்து. குப்புற விழுந்தபடி என் கையுறை ஏரியின் அக்கரைக்குப் போவதைப் பார்த்தேன். அன்று மாலையே எல்லாக் கையுறைக்கும் நாடா தைத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் புயல். கூடாரம் போட ஒன்றேகால் மணி நேரம். லீட்ஸில் வீட்டுக் கூடத்தில் ஆறு நிமிடத்தில் போட்டவள் நான். உள்ளே வந்ததும் விரல் மரத்துத் தீக்குச்சியைப் பிடிக்க முடியவில்லை. கூட இருந்த பெண் ஒன்றும் பேசாமல் என் கையை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து வலி வந்தபோது அழுதேன். அவள் சிரித்தாள். வலி வந்தால் விரல் பிழைத்தது என்று அர்த்தமாம்.

கடலை மிட்டாய்: நான்காம் நாள், மைனஸ் பதினெட்டு, கீழ்க்கடைவாய்ப் பல்லின் அடைப்பு. அண்ணா, நீங்கள் சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலையில் காற்று நின்றது. சத்தமே இல்லை, ஸ்கீ உரசுவதும் மூச்சும் மட்டும். அப்பா ஹாஸ்பிஸில் படுத்திருந்த அறையிலும் விடிகாலையில் இப்படித்தான் இருக்கும். அதற்குமேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

முடிவும் சொல்லிவிடுகிறேன். தென்துருவம் இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. ஃபின்ஸயில் நான் குழுவுக்குச் சுமை, அது எனக்கே தெரிந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் கிரீன்லாந்து. செலவு துருவத்தோடு பார்த்தால் மிகக் குறைவு, முழுதும் என் சேமிப்பு. அங்கே போக அனுமதியும், தேடல் மீட்புக்கான காப்பீடும் காட்ட வேண்டும், இரண்டுக்கும் விண்ணப்பம் போய்விட்டது. நன்கொடைப் பக்கத்தில் "தென்துருவம்" என்பதை அடித்துக் "கிரீன்லாந்து" என்று மாற்றி, ஏன் மாற்றினேன் என்பதையும் எழுதினேன். அதுவரை கொடுத்த 61 பேருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டேன், வேண்டுமென்றால் பணத்தைத் திருப்பித் தர இல்லத்திடம் பேசுகிறேன் என்று. ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று பேர் இன்னும் கொடுத்தார்கள்.

ஹாரோ கணக்கர் · மார்ச் 10, காலை 9:00

அந்த மின்னஞ்சல்தான் சரியான வேலை. பிரதியை வைத்திருங்கள்.

சந்தேகசாமி · மார்ச் 10, மாலை 7:15

துருவம் குறைந்தது நல்லது. எனக்கு இன்னும் ஒப்பவில்லை, உங்கள் பக்கத்தில் பணம் போடவும் இல்லை. ஆனால் இந்த இழை தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர் ஹாஸ்பிஸ் கடையில் சனிக்கிழமைதோறும் துணி மடித்துக் கொடுக்கிறேன். நேற்று யாரோ ஒரு ஜோடி ஸ்கீ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அளவு சொல்லுங்கள், விலை ஏற்றித்தான் விற்பேன்.

மேகலை_டொரண்டோ · மார்ச் 10, மாலை 7:31

சாமிக்கே சனி பிடித்துவிட்டது.

மருந்துச்சீட்டு · மார்ச் 11, இரவு 9:48

பாவாடை?

லீட்ஸ்காரி · மார்ச் 11, இரவு 10:20

அம்மா தைக்கிறார். பழைய போர்வைப் பஞ்சு, மேலே காற்றுப் புகாத துணி. ஓரத்தில் சரிகை வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன், வைத்துவிட்டார்.

ஓஸ்லோ அண்ணா · மார்ச் 12, இரவு 12:30

பல் விஷயத்துக்கு மன்னிப்பு. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாய். எல்லா ஜிப்பிலும் கயிறு கட்டிவிட்டாயா? கையுறை போட்டபடியே இழுக்க முடிய வேண்டும், ஒரு ஜிப் விட்டுப்போனாலும் அது உனக்குத் தேவைப்படுவது மிக மோசமான காற்றில்தான்.

லீட்ஸ்காரி · மார்ச் 12, காலை 6:25

மொத்தம் பதினேழு ஜிப் அண்ணா. பதினாறில் கட்டியாகிவிட்டது. பதினேழாவதில் கட்டாதது ஃபின்ஸயில் எப்படித் தெரியவந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.